கல்லா நாற்காலி

சலவைக் கடையில் வேலை செய்பவர்களைக் கேட்டால் தெரியும், வெயில் காலத்தைவிட மழைக்காலம்தான் கொடுமை. வெயிலில் துணியெல்லாம் மொட்டை மாடிக்குப் போய்விடும். மழை பிடித்துக்கொண்டால் படுக்கை விரிப்பு, திரைச்சீலை, ஆஸ்பத்திரி மேலங்கி, ஓட்டல் மேசைத் துணி என்று அத்தனையும் பின்னறைக் கொடிகளில் ஏறிக்கொள்ளும். ஒரு மூலையில் கொதிகலன் உறுமும். இன்னொரு மூலையில் தண்ணீர்த் தொட்டி. நடுவில் மாஸ்டரின் இஸ்திரி மேசை. மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதில்தான் மாஸ்டரின் மனைவி சின்னவள் உட்கார்ந்து துணிகளுக்கு எண் தைப்பாள்.

காலரின் உட்புறம், கால்சட்டையின் இடுப்புப் பட்டி, விரிப்பின் ஒரு முனை. சிவப்பு நூலில் எண். எண் மாறினால் ஒருவர் கால்சட்டை இன்னொருவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். அவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அப்படி ஒன்றுகூடப் போனதில்லை. போகாததை யாரும் கவனிக்கவும் இல்லை.

கவனிப்பெல்லாம் முன்பக்கத்துக்குத்தான். அங்கே கண்ணாடிக் கதவு, தெரு, கல்லா, கல்லாவுக்குப் பின்னால் கை வைத்த நாற்காலி, நாற்காலிக்கு நேர்மேலே மின்விசிறி. அந்த நாற்காலியில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டரின் அண்ணன் மனைவி, சின்னவளுக்கு ஓரகத்தி. வருகிறவர்களுக்கெல்லாம் அவள் அண்ணி. "அண்ணி, கறை போயிடுச்சா?" என்பார்கள். "அண்ணி கைபட்டா போகாத கறை உண்டா?" என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள். கறையை எடுப்பது தொட்டியில் முழங்கை வரை ஊறி நிற்கும் அவள் புருஷன், பெரியவர். மடிப்புக் கலையாமல் தேய்ப்பது மாஸ்டர். எண் தைப்பது சின்னவள். பாராட்டு மட்டும் மின்விசிறிக்குக் கீழே வந்து விழும்.

முன்பக்கத்துக்கும் பின்னறைக்கும் நடுவில் தேய்த்த மூட்டைகள் அடுக்கிய அலமாரி. ஒன்றும் தெரியாது, பேச்சு மட்டும் வரும். கொதிகலன் உறுமலைத் தாண்டி முன்பக்கத்துப் பேச்சைக் கேட்கச் சின்னவளின் காது பழகியிருந்தது. அது நல்ல பழக்கமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கேட்கக் கேட்க வயிறு எரிந்தது.

எரிச்சலுக்குச் சர்க்கரையும் ஒரு காரணம். நான்கு மணிக்குப் பெரியவள் தேநீர் போடுவாள். மாஸ்டரின் கோப்பையில் மட்டும் ஒரு கரண்டி கூட விழும். "தம்பி ஸ்கூல் போற வயசுல நான் இந்த வீட்டுக்கு வந்தேன். சட்டைப் பித்தானே நான்தான் போட்டு விடுவேன்" என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். மாஸ்டரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். புருஷனுக்குத் தேநீரில் எவ்வளவு சர்க்கரை என்பது வேறொருத்திக்குத் தெரிந்திருப்பதை எந்தப் பெண்தான் பொறுப்பாள்? சின்னவள் பொறுக்கவில்லை.

"பாகம் பிரிச்சிடலாங்க" என்றாள். ஒரு தடவை அல்ல. சாப்பாட்டைப் போட்டுவிட்டு, போடாமல், அழுதுகொண்டு, அழாமல், எல்லா விதத்திலும் சொன்னாள். மாஸ்டர் வாய் பேசுகிறவர் அல்ல. கடைசியில் கையெழுத்துப் போட்டார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அங்கிருந்து ஓர் ஆணையர் வந்து கடையை அளந்து, தரையின் குறுக்கே சிவப்புச் சாயத்தில் கோடு போட்டுவிட்டுப் போனார். கொதிகலன் கோட்டுக்கு அந்தப் பக்கம், தொட்டி இந்தப் பக்கம், இஸ்திரி மேசை இரண்டு பக்கமும். தீர்ப்பு வந்தால் அந்தக் கோட்டின் மேல் சுவர் எழும். தண்ணீர் இல்லாத கொதிகலனும் சூடு இல்லாத தொட்டியும் யாருக்கு என்ன சோறு போடும் என்று ஆணையர் யோசிக்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

மாஸ்டரின் வக்கீல் ஒரு பெண். மருந்துக் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். முதல் தடவை மாஸ்டர் தனியாகப் போய் வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம்.

"நல்லா பேசறாங்க. மண்டையில ஏறற மாதிரி எடுத்துச் சொல்றாங்க" என்றார்.

அடுத்த தடவை சின்னவளும் போனாள். மாஸ்டருக்கும் வக்கீலம்மாவுக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வக்கீலம்மா மாஸ்டரைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கெல்லாம் இவள் பதில் சொன்னாள்.

"மேடம், எங்களுக்கு வேற இடம் பார்த்தாச்சு, எங்க பாகத்தை வெளியாளுக்கு விக்கப் போறோம்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க. பயந்துடுவாங்க."

"பார்த்திருக்கீங்களா?"

"இல்ல. சும்மா சொல்லுங்க."

"சும்மா சொல்ல முடியாதும்மா. இறங்கி வரமாட்டோம்னு சொல்றேன். எவ்வளவு வேணாலும் இழுத்துப் பிடிக்கறேன். இல்லாததை இருக்குன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு வக்கீல் வச்சிக்கறது?" என்று சின்னவள் மாஸ்டரிடம் கேட்டாள். மாஸ்டர் சுவரில் தொங்கிய கறுப்பு அங்கியின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிப் பொய்க்கு வளையாத வக்கீலம்மா வேறொரு இடத்தில் வளைந்துவிட்டாள். மாஸ்டரின் போனுக்குக் கூப்பிட்டால் எடுப்பது சின்னவள். "அவர்கிட்ட என்ன பேசணும்? லீவு நாள்லகூட அப்படி என்ன அவசரம்?" என்பாள். கல்யாணமாகிப் பேரப்பிள்ளை எடுத்த வக்கீலம்மாவுக்கு இந்தக் குத்தல் கேட்டு முகம் சுண்டிப் போகும். எதற்கு வம்பு என்று பிறகு நேராகச் சின்னவளின் எண்ணுக்கே பேசத் தொடங்கினாள். அவளிடம் சொன்னால் அவரிடம் சொன்ன மாதிரி என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் வைத்துக்கொண்டாள். தப்பு அங்கேதான் தொடங்கியது.

பெரியவர் பக்கத்து வக்கீலுக்குக் கொட்டாவி வக்கீல் என்று பெயர். நீதிபதி பேசும்போதுகூட வாயைப் பிளப்பார். ஆனால் ஆள் விழித்திருப்பவர்களைவிட விவரம். ஒருநாள் நீதிமன்றத் தாழ்வாரத்தில் மழைச் சாரலுக்கு ஒதுங்கி நின்றபோது வக்கீலம்மாவை அழைத்தார்.

"எங்க ஆளு ஒண்ணு சொல்லச் சொன்னார். கடையைப் பிரிக்க வேணாம். ரெண்டு பேர் பேர்லயும் சமபாகமா அப்படியே இருக்கட்டும். கல்லாவைத் தம்பி சம்சாரம் பார்த்துக்கட்டும். எங்க ஆளோட சம்சாரம் பின்னாடி போய் எண் தைப்பாங்க. அடுத்த வாய்தாவுக்குள்ள பதில் சொல்லிடுங்க."

வக்கீலம்மா அசந்து போனாள். "இது யார் யோசனை?"

"அந்தம்மாவே சொன்னது. நான்கூட, ஏம்மா இவ்வளவு இறங்கறீங்கன்னு கேட்டேன்" என்று சொல்லிக் கொட்டாவி விட்டார்.

அன்று மத்தியானமே வக்கீலம்மா சின்னவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சின்னவள் ஒரு திரைச்சீலையின் ஓரத்தில் ஊசியைக் குத்தியபடி கேட்டாள். கல்லா என்றதும் அவள் கை நின்றது. நாற்காலி, மின்விசிறி, கண்ணாடிக் கதவு, தெருவில் போகிறவர்கள், எல்லாம் ஒரு கணம் அவளுடையதாக இருந்தது.

"யாரு சொன்ன யோசனை மேடம் இது? பெரியவரா?"

"உங்க அக்காதான் சொன்னாங்களாம்."

அந்த நொடியில் எல்லாம் கசந்துவிட்டது. அவள் கொடுத்து இவள் வாங்க வேண்டுமா? நாளைக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "நான்தான் விட்டுக் கொடுத்தேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். கேட்டு மாஸ்டரும் "எங்க அண்ணி மனசு யாருக்கு வரும்" என்பார். சொல்வார். அந்தக் குரலிலேயே சின்னவளுக்குக் கேட்டது.

"அவ போடற பிச்சை எங்களுக்கு வேணாம்."

"உங்களுக்கு வேணாம்மா. அவரைக் கேக்கணும்."

"கேட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்தாள். மாஸ்டர் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் ஓட்டல் மேசைத் துணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நீராவிக்குள் பாதி முகம்தான் தெரிந்தது. சின்னவள் அந்தத் திரைச்சீலையைத் தைத்து முடித்தாள். இன்னொன்றையும் தைத்தாள். பிறகு தாழ்வாரத்துக்குப் போய் வக்கீலம்மாவைக் கூப்பிட்டாள்.

"கேட்டுட்டேன் மேடம். வேணாம்னுட்டார்."

வக்கீலம்மா அதை அப்படியே அந்தப் பக்கம் சொல்லிவிட்டாள்.

வழக்குப் போட்டபோதுகூட அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தவில்லை. "தண்ணி திறந்து விடவா?" "சூடு போதுமா?" என்கிற அளவுக்காவது இருந்தது. இப்போது பெரியவர் அதுவும் பேசுவதில்லை. மத்தியானம் ரொட்டியும் அவித்த முட்டையும் பிரித்துக்கொண்டு தொட்டிக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்றார். தம்பிக்கு நீட்டுகிற இரண்டாவது முட்டையை அப்படியே மூடி வைத்தார். மாஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோட்டைப் பார்த்து அண்ணனுக்குக் கோபம் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஒரே அறையில், ஒரே சூட்டில், ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருவரும் வேலை செய்தார்கள்.

நான்கு மணித் தேநீரில் மாஸ்டருக்குக் கூடுதல் சர்க்கரை விழவில்லை. சின்னவள் கவனித்தாள். அன்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மாஸ்டர் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை ஆற விட்டார்.

வாய்தாவுக்கு நாள் நெருங்கியபோது வக்கீலம்மாவின் மாடிப்படியில் ஈரக் குடையோடு பெரியவள் ஏறி வந்தாள். வக்கீலம்மா சட்டென்று எழுந்து நின்றாள்.

"உக்காரச் சொல்ல முடியாதும்மா. தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு வக்கீல் இருக்கார். அவர் இல்லாம வழக்கு விஷயமா நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"நீங்க பேச வேணாம். நான் நின்னுட்டே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்."

"கேக்காதீங்கம்மா."

பெரியவள் கேட்டுவிட்டாள். "வேணாம்னு தம்பி அவன் வாயால சொன்னானா? எனக்கு அது போதும். அவன் சொல்லியிருந்தா சுவர் வரட்டும்."

"நான் பதில் சொல்ல முடியாது. உங்க வக்கீல் சாரைப் போய்ப் பாருங்க."

"சரிம்மா" என்று குடையை விரித்துக்கொண்டு பெரியவள் இறங்கிப் போனாள். கல்லாவில் பார்க்கிற கம்பீரம் எதுவும் அந்த முதுகில் இல்லை.

வக்கீலம்மா உட்கார்ந்தாள். பெரியவளுக்குப் பதில் சொல்லாமல் இருந்தது சட்டப்படி சரி. ஆனால் அவளிடம் சொல்வதற்குப் பதிலும் இல்லை என்பதுதான் உறுத்தியது. அவன் வாயால சொன்னானா? தெரியாது. கேட்கவில்லை. ஒரு பெண்ணின் நாக்குக்குப் பயந்து தன் கட்சிக்காரனைத் தாண்டிப் போயிருக்கிறாள். பல வருஷம் கறுப்பு அங்கி போட்டவளுக்கு வெட்கமாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கண்ணாடிக் கதவு வழியாகப் போனால் பெரியவளைத் தாண்ட வேண்டும் என்று பக்கத்துச் சந்து வழியாகப் பின்னறைக்குள் நுழைந்தாள். ஈர விரிப்புகளை விலக்கி விலக்கி வந்தவளை முதலில் பார்த்தது சின்னவள். பார்த்ததும் தைப்பதை விட்டு எழுந்தாள். வாய் மட்டும் பழக்கத்தில் நடந்தது.

"கடைக்கே வந்தாச்சா மேடம்? போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணித்தான்மா இவ்வளவும் ஆச்சு. நீங்களும் இருங்க. நான் மாஸ்டர்கிட்ட பேசணும்."

பெரியவர் தொட்டியிலிருந்து நிமிர்ந்தார். வக்கீலம்மாவைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு, எதுவும் கேட்காமல் மாடிக்கு ஏறிப் போனார்.

மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மேசையில் பாதி தேய்த்த ஒரு வெள்ளைச் சட்டை.

"மாஸ்டர், உங்க அண்ணன் பக்கத்துலேருந்து ஒரு சமரச யோசனை வந்தது. கடையைப் பிரிக்க வேணாம், சமபாகமா இருக்கட்டும், கல்லாவுல உங்க வீட்டுல உக்காரட்டும், உங்க அண்ணி பின்னாடி வந்துடறேன்னாங்க. வேணாம்னு நான் பதில் சொல்லிட்டேன். உங்களைக் கேட்டுச் சொன்னேனா?"

மாஸ்டர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "எனக்கு இப்பத்தான் தெரியும்."

"அப்ப என் மேல தப்பு. என் கட்சிக்காரர் நீங்க. வர்ற யோசனை ஒவ்வொண்ணையும் உங்க காதுல போடணும். சரியா வேணாமாங்கறது நீங்க சொல்லணும். நான் அதைச் செய்யல. என்னை மாத்தணும்னா மாத்திக்கலாம். காகிதமெல்லாம் அப்படியே குடுத்துடறேன். நீங்க புகார் எழுதினாலும் நியாயம்தான்."

தன்னைக் காட்டிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்த சின்னவளுக்கு இது புரியவில்லை. வக்கீலம்மா அவள் பக்கமே திரும்பவில்லை. திரும்பாததுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"என்னைச் சொல்லுங்களேன். நான்தானே சொல்லல" என்றாள்.

மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். அந்தச் சட்டையின் மீதிக் கையை முழுக்கத் தேய்த்தார். மடித்தார். ஓரத்தில் வைத்தார். சின்னவள் அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அதான் அண்ணன் முட்டை தர்றதில்லையா" என்றார்.

கொதிகலன் உறுமியது.

"அந்த நாற்காலியில நீ உக்காரணும்னு ஆசைப்படறது எனக்குத் தெரியும். அண்ணன்கிட்ட அதைக் கேக்க எனக்கு வாய் வரல. அதுக்குத்தான் கேசுக்கே கையெழுத்துப் போட்டேன். அது வந்துச்சு, நீ என்கிட்ட சொல்லல."

"அவ குடுக்கறா. அவ குடுத்ததுல நான் போய் உக்காரணுமா?" சின்னவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "நீங்க வாங்கிக் குடுத்ததா இருக்கணும்னு நினைச்சேன். ஒரு தடவையாவது அவகிட்டேருந்து நீங்க எனக்காக ஒண்ணு வாங்கிக் குடுக்கணும். சட்டைப் பித்தான் போட்டாளாம், சர்க்கரை போட்டாளாம். எல்லாம் அவதான். நான் எண்ணு தைக்கறவ. அவ்வளவுதான். எனக்குப் பொறாமைதான். இல்லைன்னு எப்ப சொன்னேன்?"

மாஸ்டர் மடித்து வைத்த சட்டையின் காலரைத் திருப்பிச் சிவப்பு எண்ணைப் பார்த்தார். "உன் எண்ணு இல்லாம நான் எந்தத் துணியை யாருக்குத் தேய்க்கறேன்னே எனக்குத் தெரியாது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் பேசியதில் நீளமான பாராட்டு அதுதான். சின்னவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"மேடம், எனக்குச் சம்மதம்."

"அவசரப்படாதீங்க. இதுல ஒத்துக்கிட்டா தனியா பாகம் கேக்கறதை இப்போதைக்கு விட்டுடறீங்க. நாளைக்கு மறுபடி சண்டை வந்தா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ராத்திரி யோசிச்சுட்டு..."

"யோசிக்க என்ன இருக்கு? தொட்டி அந்தப் பக்கம், கொதிகலன் இந்தப் பக்கம் வச்சிக்கிட்டு நான் எதைத் தேய்ப்பேன்?"

பக்கம் மாற்றிச் சொல்கிறார் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. திருத்தவில்லை.

"அந்த யோசனை இன்னும் உயிரோட இருக்கான்னு எனக்குத் தெரியாது. போய்க் கேக்கறேன்" என்று வக்கீலம்மா கிளம்பினாள்.

கொட்டாவி வக்கீல் அவள் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "திடீர்னு ஏன் மனசு மாறிட்டார்?"

"அது எனக்கும் என் கட்சிக்காரருக்கும் நடுவுல இருக்கற விஷயம் சார். இப்ப அவர் வாயால சொல்லி நானே கேட்டேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"அவர் வாயாலயா?" கொட்டாவி வக்கீல் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பெரியவள் அதற்குள் இவரிடமும் வந்து போயிருக்கிறாள் போல. மேற்கொண்டு கேட்கவில்லை. "யோசனையை வாபஸ் வாங்கிடலாம்னு நான் சொன்னேன். அந்தம்மா விடல. இருக்கு, எழுதிக்கோங்க."

எழுதிக் கையெழுத்தானது. பெரியவர் கறைக்குப் போடுகிற மருந்தைக் கொட்டி, முட்டி போட்டு, சிவப்புக் கோட்டைத் தேய்த்து எடுத்தார். மாஸ்டர் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினார். கோடு போய்விட்டது. கோடு இருந்த இடம் மட்டும் மற்ற தரையைவிட வெளுப்பாக நின்றது.

மழை விட்டு வெயில் ஏறிய ஒரு நாளில் சின்னவள் தன்னிடம் இருந்த நல்ல சேலையை உடுத்திக்கொண்டு வந்து கல்லா நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரியவளே நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தாள். "மேல நாலாம் நம்பர்ல சுத்தட்டும்மா, அப்பத்தான் காத்து வரும்" என்று விசிறியையும் போட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனாள். விசிறி கடகடவென்று சுற்றியது. காற்று தலையில் வந்து விழுந்தது. சுகமாகத்தான் இருந்தது.

முதலில் வந்த ஆஸ்பத்திரி ஆள் கதவைத் திறந்ததும் கேட்டான்.

"அண்ணி இல்லையா?"

"உள்ள வேலையா இருக்காங்க. எண்ணைச் சொல்லுங்க."

அடுத்து வந்த டீச்சரம்மாவும் கேட்டாள். ஓட்டல்காரன் கேட்டதோடு நிற்காமல், "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றான். சின்னவள் எல்லோருக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். மத்தியானத்துக்குள் கன்னம் வலித்தது.

நான்கு மணி ஆனது. பின்னறையில் கோப்பைகள் இடிபடுகிற சத்தம். இனிமேல் தேநீர் அங்கேதான். பெரியவள் ஏதோ சொன்னாள். மாஸ்டர் சிரித்தார். வாய் பேசாத மனிதர், சத்தமாகச் சிரித்தார். சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அலமாரி முழுக்க மூட்டைகள், ஒன்றும் தெரியவில்லை. கரண்டி கோப்பையைச் சுற்றுகிற சத்தம் வந்தது. சர்க்கரை ஒரு கரண்டியா, இரண்டா? மறுபடி ஏதோ பேச்சு. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கொதிகலனைத் தாண்டிக் கேட்கப் பழகிய காதுதான். தலைக்கு மேல் சுற்றுகிற விசிறியைத் தாண்டி அதற்குக் கேட்கத் தெரியவில்லை.

சின்னவள் எழுந்து போய் விசிறியை நிறுத்தினாள்.

வந்து உட்கார்ந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக வெயில் நேராக முகத்தில் அடித்தது. நெற்றியில் வேர்வை துளிர்த்துப் புருவத்தில் இறங்கியது. துடைத்தால் சத்தம் வரும் என்பது மாதிரி அசையாமல் இருந்தாள். உள்ளே பேச்சு நின்றிருந்தது. பிறகு அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியவளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏம்மா, கரண்டு போயிடுச்சா அங்க?"

"இல்லக்கா" என்றாள் சின்னவள். "எனக்குக் குளிருது."